ஹொரிசாவாவில் பார்க்க வேண்டிய இடங்கள்

ஹொரிசாவா, ஜப்பான்
12 ஆகஸ்ட் 2024

திரு. பூபதிராஜா அவர்களுக்கு,

ஹொரிசாவா ஊர்ச் சுற்றுலா அலுவலகத்துக்கு நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதம் கிடைத்தது. பதில் தமிழில் வருகிறதே என்று திகைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து இங்கே எது வந்தாலும் ஒருத்தியின் மேசைக்குத்தான் வரும். அந்த ஒருத்தி நான். மீனாட்சிபுரம் மோகனசுந்தரத்தின் மூத்த மகள் செல்வப்பிரியா. உப்புச் சர்க்கரை மாற்றி, நிச்சயப் புடவையும் கட்டவைத்து, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் நீங்கள் வேண்டாமென்று சொன்னீர்களே, அதே செல்வப்பிரியா.

டிராவல்ஸ் ஆரம்பித்து அமோகமாக இருக்கிறீர்கள் போல. லெட்டர்ஹெட்டில் விமானம் பறக்கிறது, பக்கத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் குடும்பமும் உங்களுக்குப் பெண் கொடுக்கப்போகிற கொழிஞ்சாம்பாறைக் குடும்பமும் ஒட்டுக்கா தீபாவளி கழித்து இலை சிவப்பதைப் பார்க்க வருகிறீர்கள் என்று படித்தேன். பெண்ணின் பெயர் கிருத்திகா. வாழ்த்துகள்.

நீங்கள் கேட்ட விவரம்: ஊர் சின்னது. மலையிடுக்கில் ஓர் ஆறு, அதன்மேல் சிவப்பு மரப்பாலம். பாலத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். மரவீடுகள் வரிசையாக நிற்கும் பழைய கடைத்தெரு உண்டு. ரயில் நிலைய வாசலில் கால் நனைத்து உட்கார வெந்நீர்த் தொட்டி உண்டு. பின்பக்கமாக நடந்துபோகக்கூடிய ஓர் அருவி உண்டு. காட்டுக்குள் ஒரு கல் கோயில் உண்டு. எல்லாவற்றையும் சுற்றிக்காட்டும் வழிகாட்டியும் நான்தான்.

வாருங்கள். ஆனால் வருவதற்குள் எனக்கு ஒன்று வேண்டும். அந்த ராத்திரி நான் எங்கே இருந்தேன் என்பதும், அங்கேயே இருக்கச் சொன்னது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை என் அப்பாவை வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டுப் பெரியவர்கள் முன்னாலும் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். 

போன் செய்ய வேண்டாம். உங்கள் நம்பரை எடுக்க மாட்டேன். போனில் பேசியதைத்தான் பேசவே இல்லை என்று சாதித்தீர்கள். எதுவானாலும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

செல்வப்பிரியா


மீனாட்சிபுரம்
26 ஆகஸ்ட் 2024

பிரியா,

உன் கடிதத்தைப் பிரித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் படித்தேன். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, கிருத்திகா வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டுச் சொன்ன ஊரில் நீயா உட்கார்ந்திருக்க வேண்டும்? நீ ஜப்பான் போனாய் என்று தெரியும். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நீ இன்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேசியதெல்லாம் மற்றவர்கள். ஊர் வாயை நான் மூட முடியுமா? அம்மா குணம் உனக்குத் தெரியும். அவர் ஒன்றை முடிவுசெய்துவிட்டால் அப்பாவே குறுக்கே பேச மாட்டார். நான் அன்றைக்கு என்ன சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

இப்போது நிலைமையைப் புரிந்துகொள். கிருத்திகாவின் அப்பா சென்னிமலை லேசுப்பட்ட ஆள் இல்லை. அரிசி மில், தென்னந்தோப்பு என்று பெரிய கை. ஒரு தடவை நிச்சயம் முறிந்த மாப்பிள்ளை என்று முதலில் யோசித்தவர், ஜாதகம்தான் தகராறு என்று நாங்கள் சொன்னதை நம்பித்தான் இறங்கிவந்தார். உன்னை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. விமான டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஊரையும் மாற்ற முடியாது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் அங்கிருக்கும் இரண்டு நாளும் நீ லீவு போட்டுவிடு. வேறு யாரையாவது வழிகாட்டியாக அனுப்பு.

உன் தங்கை ஆனந்திக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிந்த நல்ல பையன் ஒருவன் இருக்கிறான், சொசைட்டியில் வேலை. நீ இந்த உதவியைச் செய்தால் நான் அந்த உதவியைச் செய்வேன்.

பூபதிராஜா


ஹொரிசாவா
8 செப்டம்பர் 2024

திரு. பூபதிராஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரியைப் படித்துவிட்டு ஆற்றங்கரை வரைக்கும் போய் நின்றேன். கையில் அகப்பட்டதை எல்லாம் தண்ணீரில் வீசினேன். ஆனந்திக்கு வரன் ஏன் தட்டிப்போகிறது? "அக்காக்காரி மூணாறுல வெள்ளைக்காரனோட ராத்திரி தங்குனவ" என்று சொல்லித்தானே தட்டிப்போகிறது? கொளுத்திப் போட்டவரே குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறார். உமக்கு வெட்கமே இல்லையா?

உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு நான் வழிகாட்டியாகப் போன ஜீப்பில் வந்தது வெள்ளைக்காரன் இல்லை. நரைத்த தலையோடு இரண்டு ஜப்பான் பாட்டிகள், அக்காளும் தங்கையும். தேயிலைத் தோட்டம் பார்க்க வந்தவர்கள். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்கிற ஊர் தாண்டி மண் சரிந்து ரோடு அடைபட்டது. ஆடி மழை. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ஞானஜோதி அக்கா வீட்டில்தான் மூன்று பேரும் ஒதுங்கினோம். அவங்க புருஷன் சுவக்கீன் அண்ணன் எங்களுக்கு இடம் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தார். "பயப்படாத புள்ள, ரோடு தொறக்கற மட்டும் இங்ஙனக்குள்ளயே கெட" என்று ஜோதி அக்கா கஞ்சி ஊற்றிக் கொடுத்தாங்க.

அங்கிருந்து முதலில் உங்களுக்குத்தான் போன் செய்தேன். அப்பாவுக்குக்கூட இல்லை. "அங்கயே இரு பிரியா, மழைல எறங்காத, எங்கூட்லயும் உங்கூட்லயும் நாஞ் சொல்லிக்கறேன்" என்றீர்கள். அதோடு டவர் போய்விட்டது. காலையில் நான் வீடு திரும்பவில்லை என்று கேள்விப்பட்டு உங்கள் அம்மா என் வீட்டுக்கு வந்து என்னைக் காணோம் என்று சத்தம் போட்டிருக்கிறார். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, "எனக்கொண்ணுந் தெரியாதுங்க, போன் சுச்சாப்னு வருது" என்றீர்களாம். கல்யாணத்துக்கு முந்தி என்னோடு போனில் பேசக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததை மீறியது தெரிந்துவிடும் என்ற பயம். அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு என்னைத் தூக்கிக் கொடுத்தீர்கள்.

என் அப்பா இரண்டு வருடமாகப் பால் சொசைட்டிக்குத் தானே போவதில்லை, தெரியுமா? கேனை வேறொருவரிடம் கொடுத்து அனுப்புகிறார். போனால் யாராவது எதையாவது கேட்பார்கள் என்று.

லீவு எல்லாம் போட முடியாது. அந்த இரண்டு பாட்டிகளின் சத்திரத்தில்தான் உங்களுக்கு அறை போட்டிருக்கிறது. என்னை இங்கே வரவழைத்து வேலையும் வாங்கிக் கொடுத்தது அவர்கள்தான்.

சரி, உங்கள் பயணத் திட்டம். முதல் நாள் பாலம், அருவி, கடைத்தெரு. சாயங்காலம் வெந்நீர் ஊற்றுக் குளியல். அதில் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம், ஆனால் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். மாப்பிள்ளை, மாமனார், சம்மந்தி எல்லாரும் ஒரே தொட்டியில் அம்மணமாக உட்கார்ந்து சீர் செனத்தி பற்றிப் பேசிக்கொள்ளலாம். இரண்டாம் நாள் கல் கோயில். பெரிய பாறை, நடுவில் ஆள் தவழ்ந்துபோகிற அளவுக்கு ஓட்டை. காகிதத்தில் பெயர்களை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும். வந்ததும் காகிதத்தைப் பாறையில் ஒட்டிவிட வேண்டும். ஜோடியாக வருகிறவர்களுக்கு ரொம்ப விசேஷம். தூரதேசத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

நான் கேட்டது இன்னும் அப்படியேதான் நிற்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

செல்வப்பிரியா


மீனாட்சிபுரம்
25 செப்டம்பர் 2024

பிரியா,

நீ இவ்வளவு கோபத்தோடு எழுதினாலும் கடைசியில் பயணத் திட்டத்தை ஒழுங்காகப் போட்டு அனுப்பியிருக்கிறாய். அதிலிருந்தே உன் நல்ல மனசு தெரிகிறது. உள்ளுக்குள் நீ அப்படியேதான் இருக்கிறாய்.

குளியல் வேண்டவே வேண்டாம். அதைச் சொன்னதுமே மாமனார் எழுந்து போய்விட்டார். அவரவர் அறையில் வாளித் தண்ணீர் போதும். சாப்பாடு எல்லாருக்கும் சைவம், மீன் வாசம்கூட வரக்கூடாது. சமையலுக்கு நாங்களே பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் கொண்டுவருகிறோம். தயிர் மட்டும் கிடைக்குமா என்று பார்த்து வை.

கல் கோயில் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நம்ம திருவண்ணாமலை இடுக்குப் பிள்ளையாராட்டவே இருக்குதல்லோ! அங்க நொழைஞ்சு வந்துதான் நீ பொறந்தே" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் இருவரையும் சேர்த்து நுழையவைக்க வேண்டும் என்று இப்போதே முடிவாகிவிட்டது. கிருத்திகா வீட்டிலும் சந்தோஷம்.

நீ கேட்டதைப் பற்றி. பழைய நாயத்தைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? நான் போய்ச் சொன்னால் அம்மா பொய் பேசினார் என்று ஆகிவிடும். பெற்றவளை நான் சபையில் நிறுத்த முடியாது. நீயே யோசித்துப் பார். உனக்கு என்ன குறை இப்போது? ஜப்பானில் நல்ல வேலை, நல்ல ஊர். அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் இங்கே மாடு கறந்துகொண்டிருப்பாய். ஒருவிதத்தில் என்னால்தான் உனக்கு இந்த வாழ்க்கை.

ஒன்றே ஒன்று. அங்கே எங்களைப் பார்க்கும்போது முன்பின் தெரியாதவள் மாதிரி நடந்துகொள். அம்மாவிடமும் எங்கள் ஆட்களிடமும் நான் சொல்லிவைத்திருக்கிறேன். அவர்களும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

பூபதிராஜா


ஹொரிசாவா
7 அக்டோபர் 2024

திரு. பூபதிராஜா அவர்களுக்கு,

தயிர் கிடைக்கும். மீன் வாசம் வராது. உங்களை முன்பின் தெரியாதவள் மாதிரியே நடந்துகொள்கிறேன்.

இலை இந்த வருடம் கொஞ்சம் தாமதமாகத்தான் சிவக்கிறது. நீங்கள் வரும் வாரம் சரியாக இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்குமே, கல் கோயிலுக்குக் கீழ்வரைக்கும் வண்டி போகும் என்று சொல்லுங்கள்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் கேட்டதை நீங்கள் எழுதி அனுப்பினால் திட்டத்தில் ஓர் இடத்தை மட்டும் மாற்றிவிடுவேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

செல்வப்பிரியா


மீனாட்சிபுரம்
20 நவம்பர் 2024

அடி பாவி,

நீ நல்லா இருப்பியா? உன்னை மனுஷி என்று நம்பி ஒரு குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் நாள் நீ நடந்துகொண்டதைப் பார்த்து நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் தெரியுமா? கொடி பிடித்துக்கொண்டு முன்னால் போனாய். மாமனாருக்குக் குடை பிடித்தாய். பாலத்தில் நிற்கவைத்து எல்லாருக்கும் போட்டோ எடுத்தாய். அம்மாவின் கையைப் பிடித்து அருவிப் படியில் இறக்கிவிட்டாய். ராத்திரி அம்மாவே என்னிடம், "கெட்ட புள்ளயில்ல போலருக்குதடா" என்றார். அந்த அம்மாவை மறுநாள் என்ன செய்தாய்?

தன் கையால் காகிதத்தில் பத்திரிகையில் அடிக்கிற மாதிரி "சிரஞ்சீவி பூபதிராஜா – சௌபாக்கியவதி கிருத்திகா" என்று எழுதினார். நீதானே பேனா கொடுத்தாய்! நாங்கள் நுழைந்து வெளியே வந்தபோது அம்மா குலவையிட்டார், பார்த்துக்கொண்டு நின்றாய். காகிதத்தை அவர் பாறையில் ஒட்டும்போது எட்டவில்லை என்று ஸ்டூல் எடுத்துப் போட்டாய். அதையெல்லாம் செய்துவிட்டு, ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு எழுந்து நின்று, விளக்கம் சொல்கிற அதே குரலில் சொன்னாய்: "இன்னைக்கு நீங்க பாத்தது உறவு அறுக்கற கல்லுங்க. வேண்டாத புருஷன், வேண்டாத சம்பந்தம், இதெல்லாம் அத்துப்போகோணும்னு வேண்டிக்கறவங்க ரெண்டு பேரு பேரையும் எழுதிக்கிட்டு நொழைவாங்க. இதுவரைக்கும் பொய்யாப் போனதில்லைங்கறாங்க." அம்மா கையிலிருந்த தட்டு அப்படியே விழுந்தது. இரவெல்லாம் அழுதார். மறுநாள் திரும்ப அந்தக் கல்லுக்குப் போய்க் காகிதத்தைக் கிழிக்கப் பார்த்தால், அதன்மேல் வேறு யார் யாரோ ஒட்டி எது எங்கள் காகிதம் என்றே தெரியவில்லை.

மாமனார் அங்கேயே, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். "சகுனத்தக் கூட உடுங்க. கடல் தாண்டி இங்க இருந்துக்கிட்டு ஒரு புள்ள உங்க மேல இத்தனை கருவு வெச்சிருக்குதுன்னா, நீங்க என்ன பண்ணுனீங்க?" உன்னை யாரென்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கல்யாணம் நின்ற ஆத்திரம் உனக்கு, புத்தி கொஞ்சம் பேதலித்துவிட்டது என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஊர் வந்து பத்து நாளாகிறது, முகூர்த்தம் குறிக்க வருகிறேன் என்றவர் வரவில்லை. கிருத்திகா போனை எடுப்பதில்லை.

என்மேல் கோபம் என்றால் என்னை அடித்திருக்கலாம். அந்தப் பெண் உனக்கு என்ன செய்தாள்? "அக்கா, அக்கா" என்று உன் பின்னாலேயே சுற்றினாளே, அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட உனக்கு எப்படி மனசு வந்தது? உன் ஆபீசுக்கு எழுதப்போகிறேன். உன் வேலை போகாமல் விடமாட்டேன்.

பூபதிராஜா


ஹொரிசாவா
4 டிசம்பர் 2024

திரு. பூபதிராஜா அவர்களுக்கு,

ஆபீசுக்குத் தாராளமாக எழுதுங்கள். கல்லின் அர்த்தத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நுழைவதற்கு முன்னால் சொல்லாமல் பின்னால் சொன்னேன் என்று எழுதுங்கள். சத்திரத்துப் பாட்டிகளில் ஒருவரான ஹருகோ பாட்டியிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டினார். விருந்தாளிகளை அழவைத்தது தப்பு என்றார். திட்டிவிட்டு, அந்த ஆள் திரும்ப இந்தப் பக்கம் வந்தால் தன்னிடமும் சொல்லச் சொன்னார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இனித்தது. உங்கள் அம்மா பேனாவை வாங்கி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதினாரே, அப்போது சிரிப்பை அடக்க முடியாமல் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் நிச்சயப் புடவையைத் திருப்பி வாங்க வந்த அன்று, "எம்பையன் காலு தூசிக்கு ஆவியாடி நீ" என்று வாசலில் நின்று கேட்டவர் அவர். தெருவே பார்த்தது. நானும் ஆனந்தியும் கதவுக்குப் பின்னால் இருந்தோம். அப்பா கை கூப்பிக்கொண்டு நின்றார்.

ஆனால் கிருத்திகாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரி மட்டும் உறைத்தது. அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கல் கோயில் வாசலில் ஜப்பானிய மொழியில் பெரிய பலகை இருக்கிறது. நீங்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். கிருத்திகா ஒருத்திதான் போனைக் காட்டி அது என்ன எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்த்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, இதுல போட்டிருக்கறது நெசமுங்களா?" என்றாள். அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. நிசம்தான் என்றேன். "தெரிஞ்சுதான் எங்களக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். யார் நான், எதற்கு இந்தக் கருவு, பள்ளிவாசலில் அந்த ராத்திரி என்ன, எல்லாவற்றையும் நாலு வார்த்தையில் சொன்னேன். வேண்டாமென்றால் இப்போதே எல்லாரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் நேரே உங்களிடம் வந்தாள். "இந்த அக்காவ உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?" என்று கேட்டாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்தீர்கள். "இல்லையே, இங்க வந்துதான் பாக்கறேன்" என்றீர்கள்.

அதற்கப்புறம்தான் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உங்களுக்கு முன்னால் குனிந்து உள்ளே போனாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்களையும் பார்க்கவில்லை. நீங்கள் அவள் பின்னாலேயே சிரித்துக்கொண்டு தவழ்ந்தீர்கள்.

அவள் என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளாக எனக்கு எழுதவில்லை, நானும் எழுதவில்லை. மாமனார் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. என் அப்பாவை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

செல்வப்பிரியா


மீனாட்சிபுரம்
29 டிசம்பர் 2024

என் அன்புள்ள பிரியா,

சொல்லிவிட்டேன்.

நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கிருத்திகா மனம் மாறுவாள் என்று நினைத்தேன். மாமனாருக்குப் போன் செய்து, அவர் வீட்டில் பெரியவர்களைக் கூட்டும்படி நானே கேட்டுக்கொண்டேன். உன் அப்பாவை நம் ஊர் நல்லதம்பி அண்ணன் காரில் அழைத்து வந்தார். உன் அப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். யாரையும் பார்க்காமல் சுவரை ஒட்டி உட்கார்ந்தார். அம்மாவிடம் முகூர்த்தப் பேச்சு என்று மட்டும் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

எழுந்து நின்று சொன்னேன். அந்த ராத்திரி பிரியா பள்ளிவாசலில் ஜோதி என்கிற அக்கா வீட்டில் இருந்தாள், கூட இருந்தது இரண்டு வயசான அம்மாக்கள், அங்கேயே தங்கச் சொன்னது நான்தான், காலையில் தெரியாது என்று சொன்னது அம்மாவுக்குப் பயந்து. எல்லாம் சொன்னேன். அம்மா பாதியிலேயே எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். உன் அப்பா எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "இத அன்னைக்கே சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சத்தமாக அழுதுவிட்டார். சென்னிமலைதான் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கிருத்திகாவை வரச் சொன்னார்கள். அவள் வந்து நின்று, "ரெண்டு வருசத்துக்கு முந்தி அந்த அக்காவத் தெரியாதுன்னீங்க. போன மாசம் என்ர கண்ணு முன்னாலயும் தெரியாதுன்னீங்க. நாளைக்கு எனக்கொண்ணு ஆனா என்னையுந் தெரியாதும்பீங்க. எனக்கு வேண்டாமுங்க" என்றாள். போய்விட்டாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உன் அப்பா மறுநாளே கேனைத் தானே தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு வந்தார். அவர் எதிரே வந்தபோது ஒதுங்கிப்போனது நான்தான்.

பிரியா, நீ கேட்டது நடந்துவிட்டது. இப்போது நான் கேட்கிறேன். எனக்கு எல்லாம் போய்விட்டது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து யோசித்தால், என் வாழ்க்கையில் சரியாக நடந்தது உன்னோடு நிச்சயம் ஆன ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இனிமேல் உன்மேல் ஒரு பழியும் இல்லையே, நாம் ஏன் சேரக்கூடாது? ஆனந்தி கல்யாணத்தையும் நான் முன்னால் நின்று நடத்துகிறேன். நீ மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுது, ஜப்பானுக்கே வந்து உன் காலில் விழுகிறேன். நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இது தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார். பக்குவம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். உன் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, டிராவல்ஸ் முகவரிக்கு அனுப்பு.

என்றும் உன்,
பூபதிராஜா


ஹொரிசாவா
14 ஜனவரி 2025

திரு. பூபதிராஜா அவர்களுக்கு,

அப்பா போன் செய்தார். கேனை இறக்கிவைத்த கையோடு கூப்பிடுவதாகச் சொன்னார். அப்புறம், "பால்ல இன்னைக்குக் கொழுப்பு நல்லா இருக்குதுன்னு சொசைட்டிக்காரன் சொன்னான் சாமி" என்றார். நானும் அழுதேன். ஆனந்தியைப் பார்க்க ஓர் இடத்திலிருந்து அவர்களாகவே கேட்டு வந்திருக்கிறார்கள். உங்கள் தயவு இல்லாமல்.

இவ்வளவும் நடந்தால் எனக்கு மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. ஒருவேளை வருடம் போனால் ஆறுமோ என்னவோ. உங்கள் கடிதத்தைப் படித்தபோது கொஞ்சம் நஞ்சம் அடங்கியிருந்ததும் திரும்பக் கிளம்பிவிட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற கடிதத்திலும் ஒளிவுமறைவா? சபையில் எழுந்து நின்று பேசினாரே, திருந்திவிட்டாரோ என்று பாதிவரைக்கும் நினைத்தேன். உங்களுக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை. அந்தப் பயம் இருக்கிற வீட்டில் எந்தப் பெண்ணும் வாழ முடியாது.

பதிலை டிராவல்ஸ் முகவரிக்கு அனுப்பச் சொன்னீர்கள். மன்னியுங்கள், அங்கே அனுப்பவில்லை. வீட்டு முகவரிக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். உறையின்மேல் எழுதியிருப்பதும் உங்கள் பெயர் இல்லை.

ஆகவே இதுவரைக்கும் படித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், அத்தை. வணக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் மகன் தன் கைப்பட எனக்கு எழுதிய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நிதானமாகப் படியுங்கள். என் காலில் வந்து விழுகிறேன் என்பது இரண்டாம் பக்கத்தில், கீழே இருக்கிறது.

எனக்கு வேண்டாம் அத்தை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வப்பிரியா